17 வயதில் கை தூக்கினேன், 29 ஆகியும் முழுநேர ஊழியத்துக்குப் போகவில்லை

தண்டையார்பேட்டை_லேப் | வியாழன், இரவு 10.48

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பதிவு நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ படிக்கும்போது எங்கள் சபை வாலிபர் முகாமுக்குப் போயிருந்தேன். கடைசி நாள் ராத்திரி, செய்தி முடிந்ததும் விளக்கையெல்லாம் குறைத்துவிட்டு, "முழுநேர ஊழியத்துக்கு உன்னை ஒப்புக்கொடுக்கிறாயா? கண்ணை மூடியபடியே கையைத் தூக்கு" என்றார்கள். தூக்கினேன். அழுகை நிற்கவில்லை. முன்னால் கூப்பிட்டு ஜெபித்து, ஒரு அட்டையில் பெயரும் தேதியும் எழுதச் சொல்லி, பாதியைக் கிழித்து என் கையில் கொடுத்தார்கள். அந்த அரை அட்டை இன்றைக்கும் என் பைபிளுக்குள்தான் இருக்கிறது.

அந்த வருடமே அப்பா தவறிவிட்டார். ஹார்பரில் மூட்டை தூக்கியவர். நான் டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடித்து ஒரு தனியார் லேபில் சேர்ந்தேன். காலை ஆறு மணிக்கே வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலை. நரம்பே கிடைக்காத சர்க்கரைக்காரர்கள், ஊசியைப் பார்த்ததும் அம்மா முந்தானைக்குள் ஒளிகிற பிள்ளைகள் என்று ஒரு நாளைக்கு இருபது வீடாவது இருக்கும். தம்பி பாலிடெக்னிக் கடைசி வருடம். அம்மாவுக்கு முட்டிவலி, வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூலில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அவ்வளவுதான் என் ஊழியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் கீழ் வீட்டில் ஒரு ஆயா இருக்கிறார். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கை. மகன் டிரெய்லர் ஓட்டுகிறார், மருமகள் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிறார். சனிக்கிழமை சாயங்காலம் நான் போய் ஆயாவுக்குத் தலை அலசிவிடுவேன். பழைய துண்டை நீளமாகச் சுருட்டி, லாடம் மாதிரி வளைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, ஷீட்டின் வாலைக் கட்டிலுக்குக் கீழே வாளியில் விட்டுவிட்டால் மெத்தையில் ஒரு சொட்டு படாது. வெந்நீர் அரை வாளி போதும். காதில் பஞ்சு. அலசி, ஈரம் ஒற்றி, சிக்கெடுத்துப் பின்னி முடித்ததும் ஆயா நெற்றியைக் காட்டுவார். தலைமாட்டில் இருக்கிற கிண்ணத்திலிருந்து விபூதி எடுத்து வைத்துவிடுவேன். அப்படியே கண்ணை மூடிக்கொள்வார்.

போன மாதம் ஒரு கன்வென்ஷனில் பிரசங்கி 5:4ஐ எடுத்துப் பேசினார்கள். தேவனுக்குப் பொருத்தனை (நேர்த்திக்கடன்) பண்ணினால் அதைச் செலுத்தத் தாமதிக்காதே என்று. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. பாஸ்டரிடம் சொன்னேன். வெளியூரில் ஒரு பைபிள் காலேஜ், மூன்று வருடப் படிப்பு, ஜூனில் ஆரம்பம், சீட் வாங்கித் தருகிறேன் என்கிறார். "ரத்தம் எடுக்க ஆயிரம் பேர் இருக்காங்கம்மா, ஆத்துமாக்களைத் தேடத்தான் ஆள் இல்லை" என்றார்.

நான் கர்த்தரிடம் சொன்ன சொல்லைத் தவறிவிட்டேனா? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.


எலிம்_ஊற்று | வியாழன், இரவு 11.35

சகோதரி, உங்கள் பாரம் எனக்குப் புரிகிறது. நான் மணலியில் வெல்டிங் பட்டறையில் இருந்தவன். அழைப்பு வந்தபோது வீட்டில் இரண்டு தங்கைகள். அவர்கள் கல்யாணம் முடியட்டும் என்று நாலு வருடம் தள்ளிப்போட்டேன். அந்த நாலு வருடமும் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே அழுதிருக்கிறேன், யாருக்கும் தெரியாது. கடைசியில் கிளம்பிவிட்டேன். இப்போது கும்மிடிப்பூண்டி பக்கத்துக் கிராமங்களில் 14 வருடமாக ஊழியம். வெறும் கஞ்சி குடித்துப் படுத்த ராத்திரிகள் உண்டு. ஆனால் கைவிடப்பட்டதில்லை. தங்கைகள் கல்யாணமும் நடந்தது.

இயேசு கூப்பிட்டதும் மீனவர்களான பேதுருவும் அந்திரேயாவும் வலைகளை விட்டுவிட்டுப் போனார்கள். வீட்டுக் கணக்கு பார்த்துவிட்டுப் போகவில்லை. கலப்பையில் கை வைத்துவிட்டுப் பின்னால் பார்க்கக் கூடாது என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். 17 வயதில் வந்த கண்ணீர் பொய்க் கண்ணீர் என்று நான் நம்பவில்லை.

அந்த விபூதி விஷயம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தலை அலசுவது அன்பு. ஆனால் உங்கள் கையாலேயே அதை எடுத்து வைப்பது சாட்சியைக் கெடுக்கும் அல்லவா? கோபித்துக்கொள்ளாதீர்கள், அண்ணனாகச் சொல்கிறேன்.


ராயபுரம்_வாத்தியார் | வெள்ளி, காலை 6.10

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் தமிழும் வேதபாடமும் எடுத்தவன். எலிம் தம்பியின் 14 வருடத்துக்கு முன்னால் தலை வணங்குகிறேன். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மகளே, உன் தூக்கத்தைக் கெடுத்த அந்த வசனத்தைக் கொஞ்சம் மேலே இருந்து படிக்க வேண்டும்.

பிரசங்கி 5:4க்கு இரண்டு வசனம் முன்னால், தேவ சமுகத்தில் அவசரப்பட்டு வாயைத் திறக்காதே என்று இருக்கிறது. பிள்ளைகளை விளக்கணைத்து உட்காரவைத்துக் கை தூக்கச் சொல்கிற பெரியவர்கள் முதலில் படிக்க வேண்டிய வசனம் அது. நியாயப்பிரமாணத்திலேயே வழியும் வைத்திருக்கிறது. எண்ணாகமம் 30ல், தகப்பன் வீட்டில் இருக்கிற இளம்பெண் பொருத்தனை பண்ணினால், கேட்ட அன்றே தகப்பன் வேண்டாம் என்று சொல்லலாம், கர்த்தர் அவளுக்கு மன்னிப்பார். லேவியராகமம் 27ல், ஆளையே கர்த்தருக்கு என்று நேர்ந்துகொண்டால் அதை மதிப்பிட்டுப் பணமாகச் செலுத்தலாம். அவ்வளவு கொடுக்க முடியாத ஏழைக்கு, அவனுடைய சக்திக்குத் தக்கபடி ஆசாரியன் குறைத்து மதிப்பிட வேண்டும் என்று 8ஆம் வசனம். சொன்ன சொல் சொன்னதுதான் என்று பிடிவாதமாக நின்றவன் யெப்தா. அவன் கதை பெற்ற மகளையே பலிகொடுப்பதில் போய் முடிந்ததை நியாயாதிபதிகள் 11ல் பார்த்துக்கொள்.

இன்னொன்று. நம் ஊரில் ஊழியம் என்றால் மைக், மேடை என்று ஆகிவிட்டது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் தியாக்கோனியா. அப்போஸ்தலர் 6:1ல் விதவைகளுக்கு அன்றாடம் சாப்பாடு பங்கிடுவதற்கு அதே சொல். மூன்று வசனம் தள்ளி, வசனத்தைப் போதிப்பதற்கும் அதே சொல். பந்திக்கு ஒன்று, பிரசங்கத்துக்கு ஒன்று என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா பிரித்து எழுதவில்லை. கலாத்தியர் 5:13ல் பவுல் இன்னும் கீழே இறங்குகிறார். "அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்" என்று நாம் படிக்கிற இடத்தில் அவர் போட்டிருப்பது அடிமை வேலை செய்வதற்கான வினைச்சொல். அதே வசனம் எப்படித் தொடங்குகிறது? "சுயாதீனத்திற்கு அழைக்கப்பட்டீர்கள்" என்று. விடுதலைக்குக் கூப்பிட்டுவிட்டு, அன்பு ஒன்றுக்காக மட்டும் குனியச் சொல்கிறார். பயந்துபோய்க் குனிவதை அவர் கேட்கவே இல்லை. உன் பதிவில் எனக்குத் தெரிந்தது பயம்.

எங்கள் ராயபுரத்துக் கதை ஒன்று சொல்கிறேன். 1888ல் ஸ்காட்லாந்திலிருந்து மெட்டில்டா மெக்ஃபெய்ல் என்ற பெண் டாக்டர் மிஷனரியாக இங்கே வந்தார். ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டக் கூச்சப்பட்டுச் செத்துப்போன பெண்கள் இருந்த காலம். சின்ன மருந்தகமாக ஆரம்பித்தது, 1914ல் ரெய்னி ஆஸ்பத்திரியாக எழுந்தது. என் அம்மா பிறந்தது அங்கேதான். அவர் எத்தனை பிரசங்கம் பண்ணினார் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. பிரசவம் பார்த்த கதைதான் தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. ரத்தம் எடுக்கிறவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.


காசிமேட்டுப்_பொண்ணு | வெள்ளி, பகல் 1.20

நான் ஆர்.சி. எங்கள் பக்கம் இதை இறையழைத்தல் என்பார்கள். என் அக்கா கன்னியர் மடத்தில் இருக்கிறார். அதனால் மடத்துக்குப் போவதை நான் குறைத்துப் பேச மாட்டேன், அக்கா முகத்தில் இருக்கிற சந்தோஷம் எனக்குத் தெரியும். ஆனால் அவரைச் சேர்த்துக்கொள்ள மடத்தில் எத்தனை வருடம் எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? வந்து பார், போய் யோசி, திரும்ப வா என்று அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒரு ராத்திரிக் கண்ணீரை வைத்து யாரும் அட்டை எழுதி வாங்கவில்லை.

அன்னை தெரசாவே 1946 செப்டம்பர் 10ஆம் தேதி டார்ஜிலிங் போகிற ரயிலில் அந்த அழைப்பைக் கேட்டார். மடத்தை விட்டு வெளியே வந்தது 1948ல். நடுவில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் அனுமதிக்காகக் காத்திருந்தார். வந்ததும் நேரே சேரிக்குப் போகவில்லை. பாட்னாவுக்குப் போய் நர்சிங் பழகிக்கொண்டுதான் கல்கத்தா திரும்பினார். வாத்தியாரம்மாவாக இருந்தவருக்குப் புண்ணைக் கழுவத் தெரிய வேண்டுமே! அன்பு மட்டும் இருந்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை.

எங்கள் அம்மா கதை வேறு. துறைமுகம் பக்கத்தில் இட்லிக் கடை. அடுத்த மாதம் 15ஆம் தேதி தடைக்காலம் ஆரம்பித்துவிடும். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகில் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் அந்த இரண்டு மாதம் எப்படி ஓடும் என்று இங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். அம்மாவிடம் ஒரு கணக்கு நோட்டு உண்டு. தடைக்காலம் ஆரம்பித்த அன்று அதை எடுத்துப் பரண்மேல் வைத்துவிடுவார். 61 நாளும் சாப்பிட்டவர்கள் பேரை எழுத மாட்டார். யார் எத்தனை சாப்பிட்டார்கள் என்று அவருக்கே தெரியாது. படகு திரும்பக் கிளம்பினதும் கொடுக்கிறவர்கள் கொடுப்பார்கள். சிலர் மீனாகக் கொண்டுவந்து வைப்பார்கள். கொடுக்காதவர்கள் மறுபடியும் சாப்பிட வருவார்கள், இட்லி வைப்பார்.

அம்மா எந்தச் சபையிலும் சங்கத்திலும் இல்லை. ஞாயிறு முதல் பூசைக்குப் போவார், வந்து மாவு ஆட்டுவார். இவருக்கு அழைப்பு இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.


வியாசை_பிளாக்12 | வெள்ளி, இரவு 9.05

எல்லோரும் நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பானதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இருக்கிற இடத்திலேயே செய், அதுவும் அழைப்புதான் என்று சொல்லும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. 1 கொரிந்தியர் 7:20, அவனவன் அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்கக்கடவன். இந்த வசனத்தை எங்கள் ஆட்களுக்கு எத்தனை முறை படித்துக்காட்டியிருக்கிறார்கள்! என் அம்மா 22 வருடம் ஒரு பள்ளியில் கக்கூஸ் கழுவினார். கையுறை கிடையாது, ஆசிட் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்திருக்கும். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு உழைப்பாளர் ஞாயிறு அன்று சபையில் அவரை மேடைக்குக் கூப்பிட்டு சால்வை போட்டு, "இந்தத் தாய்க்கு ஆண்டவர் கொடுத்த அழைப்பு இது" என்று சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு அம்மா கேட்டார்: "ஏண்டா, எனக்கு மட்டும் ஏன் இந்த அழைப்பு? ஆயர் புள்ளைங்களுக்கு ஏன் வரல?"

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. பிறகு நானே படித்தபோதுதான் அடுத்த வசனத்தைப் பார்த்தேன். 21ஆம் வசனம், அடிமையாக இருக்கிற நீ விடுதலையாகக் கூடுமானால் அதை நலமென்று எண்ணிக்கொள் என்கிறது. அதை யாரும் எங்களுக்குப் படித்துக்காட்டவே இல்லை. மலக்குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013ல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் இறங்கிச் சாகிறார்கள். இதை அழைப்பு என்று சொல்லி ஜெபிக்கிறவர்கள் ஆண்டவர் பேரை வீணில் வழங்குகிறார்கள்.

தண்டையார்பேட்டை அக்கா, நீங்கள் ஆயாவுக்குச் செய்வதை நான் இதோடு சேர்க்கவில்லை. நீங்கள் ஒரு சனிக்கிழமை போகாவிட்டால் உங்களை யாரும் கேள்வி கேட்க முடியாது. என் அம்மா ஒரு நாள் போகாவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள். அன்பினால் செய்கிறோம் என்று சொல்ல வேண்டுமானால், செய்யாமல் இருப்பதற்கும் வழி இருந்திருக்க வேண்டும். அந்த வழி எங்கள் அம்மாவுக்கு இருக்கவில்லை.


ராயபுரம்_வாத்தியார் | வெள்ளி, இரவு 10.30

வியாசைத் தம்பி, உன் அம்மா கேட்ட கேள்விக்கு நான் எழுந்து நின்றுதான் பதில் சொல்ல வேண்டும். நானும் உழைப்பாளர் ஞாயிறுகளில் அந்த மாதிரிப் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். மன்னித்துக்கொள்.

சாமியார் மடத்துக்குப் போகிறவருக்குத்தான் அழைப்பு என்ற நினைப்பை உடைத்தவர், ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர். 1522ல் திருமணத்தைப் பற்றி எழுதும்போது, விசுவாசத்தோடு பிள்ளையின் பீத்துணி அலசுகிற தகப்பனைப் பார்த்து தேவன் தூதர்களோடு சேர்ந்து மகிழ்கிறார் என்று எழுதினார். ஜெர்மன் மொழியில் தொழிலுக்கு இன்றைக்கும் வழங்குகிற பெரூஃப் என்ற சொல்லே கூப்பிடுவது என்ற வேரிலிருந்து வந்தது. நான் அதில் மயங்கியவன். ஆனால் 1525ல் ஜெர்மனியின் விவசாயிகள் தங்கள் அடிமைத்தனத்துக்கு எதிராக எழுந்தபோது, அதே லூத்தர் அவர்களை அடக்கச் சொல்லி எழுதினார். ஒரே போதனைக்குள் இரண்டும் இருக்கிறது. இவ்வளவு நாள் முதல் பாதியை மட்டும் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.


பாஸ்டரம்மா_கொருக்குப்பேட்டை | சனி, காலை 11.15

வீட்டுக்காரர் போனில் படித்துவிட்டுக் காட்டினார். என் பங்குக்கு நானும் எழுதுகிறேன்.

அழைப்பு வந்தது அவருக்கு. கம்பெனி வேலையை விட்டார். எனக்கு வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. வாடகை வீட்டு மாடியில் ஷீட் போட்டு சபை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் நாற்பது பேருக்குச் சாப்பாடு. ஆறு வருடம் அந்த நாற்பது பேருக்கும் நான் ஒருத்தி சமைத்தேன். ஜெப நேரம் முழுவதும் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருப்பேன். "பாஸ்டரம்மா அன்புனா அன்பு" என்பார்கள். போன வருடம் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம் படுத்தபோதுதான் சபையில் எல்லோருக்கும் சாம்பார் வைக்கத் தெரியும் என்று எனக்கே தெரிந்தது. இப்போது முறை வைத்துக்கொண்டிருக்கிறோம், ஆண்களும் காய் நறுக்குகிறார்கள். வெள்ளிக்கிழமை நானும் உட்கார்ந்து ஜெபிக்கிறேன். அப்போஸ்தலர் 6ல் பந்தி விசாரணைக்கு ஏழு பேரை வைத்தார்கள். ஒருத்தியை வைக்கவில்லை.

தங்கச்சி, உனக்கு நான் சொல்வது மாற்கு 7. அப்பா அம்மாவுக்குக் கொடுக்க வேண்டியதை, இது கொர்பான், தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி நிறுத்திவிடுகிறவர்களை இயேசு கண்டித்தார். தம்பி படிப்பு, அம்மா முட்டிவலி, இதையெல்லாம் கொர்பான் என்று சொல்லிவிட்டுப் போனால் அதை அவர் வாங்கிக்கொள்வாரா என்று யோசி. தம்பிக்கு வேலை கிடைத்து, அப்போதும் உனக்குள் அந்த ஆசை இருந்தால் நீ போ, நானே உன்னை அனுப்பிவைக்கிறேன். ஊழியக்காரி ஆவது தப்பே இல்லை. தூக்கம் கெட்டுப்போய் ஆவதுதான் வேண்டாம்.


மின்ட்_பக்கத்து_வாசகர் | சனி, மாலை 4.40

நான் உங்கள் மதம் இல்லை. படித்துக்கொண்டே வந்தேன், சொல்லாமல் போக மனசில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பக்கத்தில் ஒரு சர்ச் ஹாலைத் திறந்துவிட்டார்கள், அங்கே நாலு நாள் இருந்தோம். என் அம்மாவுக்குக் கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். ஒரு வயதான சிஸ்டர் தினமும் சாயங்காலம் பேசினோடு வந்து கீழே உட்காருவார். அம்மா காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, கழுவி, ஒவ்வொரு விரலிடுக்காகப் பழைய காட்டன் துணியால் ஒற்றி, மருந்து தடவி, ஒட்டாமல் இருக்கப் பஞ்சு வைப்பார். அம்மா கூச்சத்தில் காலை இழுப்பார், அந்தம்மா பேசிக்கொண்டே திரும்பப் பிடித்துக்கொள்வார். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்களைக் கும்பிடச் சொல்லவும் இல்லை.

2023 டிசம்பர் புயலிலும் தண்ணீர் வந்தது. அப்போது வேறொரு கூட்டத்தார் அரிசி கொண்டுவந்தார்கள். வரிசையில் நிற்கவைத்து, மூட்டையில் கை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். என் மகள் எட்டாவது படிக்கிறாள். மூட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த அரிசியை நாங்கள் சாப்பிட்டோம், பசி இருந்தது. ஆனால் அதைப் பற்றி அவள் இன்றைக்கும் பேச மாட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம். ஊற்றியவர்கள் பேர் எல்லாம் போய்விட்டது, கஞ்சி பேர் நிற்கிறது.

எலிம் சார், உங்களிடம் ஒரு வார்த்தை. அந்த ஆயாவுக்குக் கை தூக்க வராது. நெற்றிக்கு வைத்துக்கொள்ள அவருக்கு இன்னொருத்தர் கை வேண்டும். அந்தப் பெண் தன் சாமியை விட்டுக்கொடுத்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. ஆயாவுக்குத் தன் கையைக் கொடுத்த மாதிரிதான் தோன்றியது.


தண்டையார்பேட்டை_லேப் | அடுத்த வியாழன், இரவு 9.50

ஒவ்வொருவர் எழுதியதையும் இரண்டு மூன்று முறை படித்தேன். வியாசைத் தம்பி, உங்கள் அம்மா சொன்னதை என் அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவரும் பத்துப் பன்னிரண்டு வீட்டில் கக்கூஸ் கழுவியவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரைப் பார்த்தேன். ஜூனில் வரவில்லை என்று சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கூப்பிட்டது யார் என்று எனக்கும் உனக்கும் தெரியும், எப்போது என்பதை அவரிடமே விட்டுவிடலாம் என்று ஜெபித்தார். அழைப்பு இல்லை என்று நான் முடிவு கட்டவில்லை. அந்த ராத்திரி நான் அழுதது உண்மை. ஆனால் பயந்துகொண்டு கிளம்ப வேண்டாம் என்று மட்டும் தெளிவாகிவிட்டது. நேற்று நன்றாகத் தூங்கினேன்.

பாஸ்டரிடம் இன்னொன்றும் கேட்டேன், பாஸ்டரம்மா எழுதியதைப் பார்த்து வந்த தைரியம். சபை வாலிபப் பெண்கள் இரண்டு பேர் இப்போது புதன்கிழமை ஆயா வீட்டுக்கு வருகிறார்கள். துணி மாற்றுவதற்கும் புரட்டிப் படுக்கவைப்பதற்கும் பழக்கிக்கொண்டிருக்கிறேன். மருமகளுக்கு முதலில் பிடிக்கவில்லை, வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார். நான்தான் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது டீ போட்டுக் கொடுக்கிறார்.

எலிம் அண்ணா, விபூதியை நான் தொடர்ந்து வைத்துவிடப் போகிறேன். உங்களோடு வாதாட எனக்குத் தெரியவில்லை. வைக்காமல் எழுந்து வர என்னால் முடியாது, அவ்வளவுதான்.

ஒரு உதவி. ஆயாவுக்கு முதுகு முடிகிற இடத்தில் சிவந்திருக்கிறது. தோல் உரியவில்லை. மருமகள் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்க்கிறார். சரியா?


ஸ்டாஃப்நர்ஸ்_திருவொற்றியூர் | வியாழன், இரவு 10.25

தேய்க்க வேண்டாம், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே இருக்கிற சதை இன்னும் நைந்துபோகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். நேராக 90 டிகிரி ஒருக்களித்து வைத்தால் இடுப்பெலும்பு அழுந்தும், அதனால் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்து வையுங்கள். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு மடித்த துணி. வட்டமாக ஓட்டை போட்ட டியூப் மேல் உட்காரவைக்காதீர்கள், அது ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். ஈரம் நிற்கக் கூடாது. ஏர் பெட் வாடகைக்குக் கிடைக்கும், பெரிய மெடிக்கல் கடைகளில் விசாரியுங்கள்.

அப்புறம், உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பேர் கொடுங்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்சும் பிசியோதெரபியும் உண்டு. இது நாம் கேட்டு வாங்க வேண்டிய உரிமை. நீங்கள் ஒருவரே எல்லாவற்றையும் தூக்க வேண்டாம்.


எலிம்_ஊற்று | வெள்ளி, காலை 5.30

சகோதரி, விபூதி விஷயத்தில் என் மனசாட்சி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அதை மறைத்துப் பேச எனக்கு வராது. ஆனால் இந்த ஒரு வாரமாக வேறு ஒன்று என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது.

நான் போகிற கிராமத்தில் ஒரு தாத்தா படுக்கையில் இருக்கிறார். மூன்று வருடமாக வாரம் தவறாமல் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஜெபித்துவிட்டு வருகிறேன். அவர் தலையில் கை வைத்து ஜெபித்திருக்கிறேன். சிக்குப் பிடித்து, அழுக்கு பிசுபிசுவென்று கையில் ஒட்டும். வெளியே வந்து கையைக் கழுவிக்கொள்வேன். அவர் தலையைக் கழுவ வேண்டும் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை.

அந்த பிளாஸ்டிக் ஷீட் எவ்வளவு நீளம் வேண்டும்?


தண்டையார்பேட்டை_லேப் | வெள்ளி, காலை 5.52

அண்ணா, இரண்டு மீட்டர் வாங்குங்கள், கட்டில் உயரமாக இருந்தால் இரண்டரை. மேஜை விரிப்புக்குப் போடுகிற தடித்த ஷீட் நல்லது, மெல்லியது மடிந்துகொள்ளும். துண்டை லாடம் மாதிரி வளைக்கும்போது திறந்த பக்கம் வாளியைப் பார்த்து இருக்க வேண்டும். கழுத்துக்குக் கீழே இன்னொரு சின்னத் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் வலிக்கும்.

ரொம்ப நாள் சிக்கு என்றால் முதல் நாளே கொஞ்சம் எண்ணெய் தடவி ஊறவிடுங்கள். தண்ணீரின் சூட்டை உங்கள் முழங்கையின் உள்பக்கம் ஊற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கும் பக்கவாதம்தான் என்றால் அந்தப் பக்கம் அவருக்குச் சூடு தெரியாமல் போகலாம், பொத்துப்போனாலும் சொல்ல மாட்டார். கூட ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள், முதல் தடவை தலையைத் தூக்கிப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.

ஆறு மணி ஆகப்போகிறது, முதல் வீடு கொருக்குப்பேட்டையில். போய்விட்டு வந்து பார்க்கிறேன், சந்தேகம் இருந்தால் எழுதி வையுங்கள்.